பின் சில்லுக்குக் கம்பி நீளம்: ஸ்டிக்கரில் உள்ளதா, நான் அளந்ததா?

பனிமலை (தலவாக்கலை) கேட்டது:

வணக்கம். மவுண்டன் சைக்கிளுக்குப் பின் வீல் ஒன்று புதிதாகக் கட்ட வேண்டும். கம்பி கொழும்பிலிருந்து பார்சலில்தான் வரும். நீளம் பிழைத்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே ஓடர் போடுமுன் இங்கே கேட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

ரிம்: 27.5 அங்குலம், அதாவது டயர் உட்காரும் விட்டம் 584 மி.மீ. டபுள் வோல் (உள்ளும் வெளியுமாக இரண்டு சுவர்), 32 ஓட்டை. ஸ்டிக்கரில் ஈ.ஆர்.டி. (கம்பி நீளக் கணக்குக்கு எடுக்கிற ரிம் விட்டம்) 559 என்று இருக்கிறது.

ஹப் (சில்லின் நடுப்பகுதி): டிஸ்க் ஹப், 6 போல்ட், 135 மி.மீ., கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போடுவது. கம்பி ஓட்டை வட்டத்தின் விட்டம் இரண்டு பக்கமும் 58. நடுவிலிருந்து டிஸ்க் பக்கப் பிளான்ஜ் (ஹப்பில் கம்பி மாட்டும் தட்டு) 34, கேசட் பக்கப் பிளான்ஜ் 21. கம்பி ஓட்டை 2.6.

கட்டு: இரண்டு பக்கமும் 3 கிராஸ் (ஒரு கம்பி அதே பக்கத்து மூன்று கம்பிகளைக் குறுக்கே கடப்பது). கம்பி 2.0 மி.மீ., முழுக்க ஒரே தடிப்பு. நிப்பிள் (கம்பி நுனியில் திருகி ரிம்மில் உட்காரும் சிறு நட்) 12 மி.மீ. பித்தளை.

கல்குலேட்டரில் 559 கொடுத்தால் கேசட் பக்கம் 269.3, டிஸ்க் பக்கம் 270.6 என்கிறது. பழைய கம்பி இரண்டை விட்டு ரிம்மை அளந்தால் எனக்கு 563 வருகிறது. அதைக் கொடுத்தால் 271.2, 272.5. கடையில் இருப்பதோ இரட்டை எண் மட்டும்: 268, 270, 272, 274.

எந்த ஈ.ஆர்.டி. சரி? எந்த நீளம் எடுப்பது? இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம் போட்டால் என்ன ஆகும்? ஓட்டம் பெரும்பாலும் நானுஓயா, நுவரெலியா ஏற்றம், இறக்கத்தில் மழை. ஆளும் பையும் சேர்த்து 85 கிலோ.

---

இறம்பொடை_ஏற்றம்:

நீங்கள் அளந்த 563ஐ வைத்துக்கொள்ளுங்கள், அளந்த முறை சரியென்றால். ஸ்டிக்கரில் உள்ள 559 பொய்யும் அல்ல. அது வேறு இடத்தின் அளவு.

சில கம்பனிகள் ரிம்மில் நிப்பிள் தலை உட்காருகிற தளத்திலிருந்து எதிர்த்தளம் வரை அளந்து, அதையே ஈ.ஆர்.டி. என்று போட்டுவிடுகின்றன. நமக்கு வேண்டியது கம்பியின் நுனி எங்கே போய் நிற்க வேண்டுமோ அந்த இடம்: நிப்பிள் தலையில் ஸ்க்ரூ ட்ரைவர் வைக்கிற வெட்டின் அடி. சாதாரண 12 மி.மீ. நிப்பிளில் தலை உயரம் ஏறக்குறைய 3 மி.மீ., வெட்டின் ஆழம் 1 மி.மீ. போல. மிச்சம் 2. எதிர்ப்பக்கத்திலும் 2. உங்கள் 4 மி.மீ. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அதற்காக எந்த ஸ்டிக்கரைக் கண்டாலும் 4ஐக் கூட்டிவிடாதீர்கள். வெட்டின் அடி வரை அளந்து போடுகிறவர்களும் உண்டு, தலையின் உச்சி வரை அளக்கிறவர்களும் உண்டு. ஸ்டிக்கரைப் பார்த்து எது எதுவென்று தெரியாது.

அளக்கிற முறை இது. பழைய கம்பி இரண்டின் வளைவை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, முனையிலிருந்து மரை நுனி வரை இரண்டும் சரியாக 250 மி.மீ. வரச் செய்யுங்கள். நீங்கள் கட்டப்போகிற அதே நிப்பிளைப் போட்டு, நுனி வெட்டின் அடியோடு சமமாகும் வரை சுற்றுங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ரிம்மைத் தட்டையான மேசையில் படுக்க வையுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் வெறும் ரிம் கொஞ்சம் முட்டை வடிவாகும். ஓர் ஓட்டையை 1 என்று எண்ணினால் எதிரோட்டை 17. இரண்டு கம்பியையும் உள்நோக்கி இழுத்து, நிப்பிள் தலை நன்றாக உட்கார்ந்த பிறகு, நடுவில் உள்ள இடைவெளியை வேர்னியரால் அளக்க வேண்டும். 500ஐயும் இடைவெளியையும் கூட்டினால் ஈ.ஆர்.டி. உங்களுக்கு இடைவெளி 63 வந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் அளந்தால் போதாது. வால்வு ஓட்டையும் ரிம்மின் இணைப்பும் எதிரெதிரே இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, மூலைவாட்டில் இரண்டு. நான்கின் சராசரியை எடுங்கள். நான்கும் 1 மி.மீ.க்குள் அடங்கினால் நல்ல ரிம். 2 மி.மீ.க்கு மேல் போனால் கம்பி நீளத்தை யோசிக்குமுன் ரிம்மையே யோசியுங்கள்.

ஏன் ரிம்மில் இவ்வளவு கவனம் என்றால், மற்ற அளவுகளில் வரும் பிழை கம்பியில் பாதியும் தெரியாது. உங்கள் கணக்கிலேயே பாருங்கள். பிளான்ஜ் தூரத்தை 2 மி.மீ. பிழையாக அளந்தாலும் கம்பி நீளம் மாறுவது கால் மி.மீ. ஓட்டை வட்டத்தின் விட்டத்தில் 2 மி.மீ. பிழைத்தால் 0.3 மி.மீ. ரிம்மில் மட்டும் 2 மி.மீ. பிழைத்தால் முழுசாக 1 மி.மீ. கம்பியில் வந்து நிற்கும். ஹப்பை மூன்று தடவை அளந்துவிட்டு ரிம்முக்கு ஸ்டிக்கரை நம்புவது தலைகீழான வேலை.

போனிலேயே சரிபார்க்க, கேசட் பக்கக் கணக்கு:

ரிம் ஆரை 281.5, ஹப் ஆரை 29, பக்கத் தூரம் 21. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டுங்கள்: 79242.25 + 841 + 441 = 80524.25.
கோணம் = 720 × 3 (கிராஸ்) ÷ 32 (ஓட்டை) = 67.5 பாகை. அதன் கோசைன் 0.3827.
2 × 281.5 × 29 × 0.3827 = 6248. இதைக் கழித்தால் 74276.
வர்க்கமூலம் 272.5. கம்பி ஓட்டை விட்டத்தில் பாதி, 1.3, கழித்தால் 271.2.

டிஸ்க் பக்கத்துக்கு 21க்குப் பதில் 34. வேறு மாற்றமில்லை. உங்கள் கல்குலேட்டர் சரியாகத்தான் சொல்கிறது.

---

பதுளை_சைக்கிள்_கடை:

தம்பி, கேசட் பக்கம் 270, டிஸ்க் பக்கம் 272. யோசிக்காம எடுங்க.

கேசட் பக்கம் 271.2க்கு 270 போட்டா 1.2 குறையுதேன்னு பயப்பட வேணாம். கம்பி இழுவையில கொஞ்சம் நீளும். 2.0 மி.மீ. கம்பிக்கு 110 கிலோ இழுவை குடுத்தா அரை மி.மீ.க்குக் கிட்ட நீளும். ரிம்மும் எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கிறதுல துளி சுருங்கும். அப்போ நுனி வெட்டுக்கு அடியில முக்கால் மி.மீ.ல நிக்கும். அது இன்னும் தலைக்குள்ளதான். பித்தளை நிப்பிளுக்கு அது போதும்.

நுனி தலைக்குள்ள வராட்டித்தான் வில்லங்கம். கம்பி 3, 4 மி.மீ. கட்டையாப் போனா, தலையும் உடம்பும் சேர்ற கழுத்துல உள்ள மரையில கம்பி இருக்காது. முழு இழுவையையும் அந்த மெல்லிசான கழுத்து தாங்கணும். கட்டின அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளத்துல நாலு தரம் இடிச்ச பிறகு தலை மட்டும் தனியாப் பிஞ்சு ரிம்முக்குள்ள கிலுகிலுக்கும். அலுமினிய நிப்பிள்ல இது சீக்கிரமே வரும். கலர் கலரா அலுமினிய நிப்பிள் கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது, ரிம்மை நீங்களே அளந்து அரை மி.மீ.க்குள்ள கம்பி கிடைச்சா மட்டும் போடுங்க.

நீளம் கூடினா வேற வில்லங்கம். சிங்கிள் வோல் ரிம்ல நுனி நேரா டியூப்பைக் குத்தும். டபுள் வோல்ல டியூப் தப்பிச்சிடும், ஆனா மரை தீர்ந்து போகும். கம்பியில மரை 9, 10 மி.மீ. தான். நிப்பிள் அதுக்கு மேல ஏறாம இறுகி நிக்கும். சாவிக்கு நல்ல டைட்டாத் தெரியும், கம்பியைக் கையால புடிச்சா தொளதொளன்னு இருக்கும். இன்னும் பலமாத் திருப்பினா நிப்பிளோட சதுரம் வழுவழுன்னு தேஞ்சு போகும். பிறகு வெட்டித்தான் எடுக்கணும்.

கடையில கம்பி கேக்கிறப்ப "27.5 கம்பி"ன்னு கேக்காதீங்க, மி.மீ. சொல்லிக் கேளுங்க. 26னு சொன்னாலே மூணு வேற ரிம் இருக்கு: மவுண்டன் 559, 26 × 1½ன்னா 584, 26 × 1⅜ன்னா 590. 559க்கும் 590க்கும் கம்பியில 15 மி.மீ. வித்தியாசம் வரும். கட்டு அவிழ்க்கிறதுக்கு முந்தி ஒரு கம்பியை எடுத்து நீங்களே அளந்து பாருங்க. அளக்கிறது வளைவோட உள்பக்கத்துல இருந்து மரை நுனி வரைக்கும். தலையையும் சேத்து அளந்தா 2, 3 மி.மீ. கூடக் காட்டும். சுவர்ல சின்ன ஆணி அடிச்சு அதுல வளைவை மாட்டி, பக்கத்துல இரும்பு அடிமட்டம் வச்சா சுத்தமா வரும்.

---

ஊவா_சில்லு:

பதுளை அண்ணன் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் இந்தச் சில்லுக்கு இரண்டு பக்கமும் 272 போட்டுவிடலாம் என்பது என் பக்கம்.

டிஸ்க் பக்கம் 272.5க்கு 272, அது பொருத்தம். கேசட் பக்கம் 0.8 கூடுதல். கம்பி நீள்வதையும் சேர்த்தால் நுனி வெட்டின் அடியைத் தாண்டி 1.3 மி.மீ. வரை வரும், அதாவது ஏறக்குறைய தலையின் உச்சி மட்டம். டபுள் வோல் ரிம்மில் அதனால் டியூப்புக்கு ஒன்றும் வராது. மலைநாட்டில் ஒரு கம்பி முறிந்தால் மாற்றுக் கம்பிக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரே நீளம் என்றால் சீட்டுக்கு அடியில் இரண்டு கம்பி ஒட்டி வைத்தால் எந்தப் பக்கம் முறிந்தாலும் உதவும்.

ஆனால் இது 1.3 மி.மீ. வித்தியாசம் உள்ள ஹப் என்பதால்தான். இரண்டு பக்கப் பிளான்ஜும் வேறு வேறு அளவாக, வித்தியாசம் 3, 4 மி.மீ. வருகிற ஹப்புக்கு இந்தச் சமாளிப்பு சரிவராது.

---

பதுளை_சைக்கிள்_கடை:

ஊவா, அது கம்பியையும் நிப்பிளையும் பொறுத்தது. வாங்கின கம்பியில மரை 9 மி.மீ. தான் இருந்தா 272 கேசட் பக்கத்துல மாட்டிக்கும். ஓடர் போடுறதுக்கு முந்தி கடைக்காரர்கிட்ட ஒரு கம்பியில ஒரு நிப்பிளைக் கையால முழுக்கச் சுத்தச் சொல்லுங்க. தானா நிக்கிற இடத்துல நுனி வெட்டோட அடியைத் தாண்டி எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்கணும். 2 மி.மீ.யும் அதுக்கு மேலயும் வந்தா ரெண்டு பக்கமும் 272 போடலாம், நானும் ஒத்துக்கிறேன். 1 மி.மீ.ல நின்னா கேசட் பக்கம் 270 தான்.

இன்னொண்ணு: சிலர் கட்டைக் கம்பிக்கு 14, 16 மி.மீ. நிப்பிள் போட்டா சரியாயிடும்னு சொல்வாங்க. நீளம் கூடுறது ஹப் பக்கமாத்தான், தலை அதே இடத்துலதான் இருக்கு. அனேகமான நீள நிப்பிள்ல அந்தக் கூடுதல் பகுதிக்கு மரையும் கிடையாது. தலைக்குள்ள நுனி வராத குறை அப்படியே இருக்கும். வெளிய மரை தெரியாததால பார்வைக்கு மட்டும் சரியாத் தெரியும்.

---

பனிமலை:

எல்லோருக்கும் நன்றி. இறம்பொடை அண்ணன் சொன்னபடி மேசையில் வைத்துத் திரும்ப அளந்தேன்: 562.5, 563, 563.5, 563. கடைக்குக் கோல் எடுத்து நிப்பிளைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன், ஒன்றரை மி.மீ. தான் வெளியே வருகிறதாம். ஆகவே 270, 272.

இன்னும் மூன்று கேள்வி. வேறொரு கடையில் 276 இருக்கிறது, வெட்டி மரை போட்டுத் தருகிறேன் என்கிறார், அது சரிவருமா? 3 கிராஸுக்குப் பதில் 2 கிராஸ் கட்டினால் நீளம் எவ்வளவு மாறும்? துருப்பிடிக்காத கம்பிதானா என்று எப்படிப் பார்ப்பது? காந்தம் வைத்தால் லேசாக ஒட்டுகிறது.

---

இறம்பொடை_ஏற்றம்:

வெட்டுவதில் குற்றமில்லை, மரை எந்த விதத்தில் போடுகிறார் என்பதில்தான் எல்லாம். கம்பனிக் கம்பியில் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்துகிறார்கள். உலோகம் வெளியே பிதுங்கி, மரையின் வெளி விட்டம் கம்பியைவிடக் கொஞ்சம் பெருக்கும்; 2.0 கம்பிக்கு 2.2 மி.மீ.க்கு மேல் வரும். கடையில் உருட்டு மெஷின் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். சாதாரண டை வைத்து மரை வெட்டினால் கம்பியின் உடம்பைத்தான் செதுக்குகிறது. மரை நிப்பிளில் தொளதொளப்பாக உட்காரும், மரையின் அடியில் கம்பி மெலியும், அங்கேதான் முறியும். வேர்னியரை மரைமேல் வைத்துப் பாருங்கள். கம்பியைவிடத் தடிப்பாக இருந்தால் உருட்டியது, சமமாக இருந்தால் வெட்டியது.

2 கிராஸ் என்றால் கோணம் 45 பாகை, கோசைன் 0.7071. உங்கள் அளவுக்கு 261.3, 262.7 வரும். 10 மி.மீ. குறைவு. அதனால்தான் நீளம் கேட்பவர்கள் முதலில் எத்தனை கிராஸ் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு 3 கிராஸே போதும். டிஸ்க்கிலும் கேசட்டிலும் முறுக்கு ஹப்பில் பிறந்து கம்பி வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. கிராஸ் இல்லாமல் நேராகக் கட்டுவதை டிஸ்க் சில்லில் நினைத்தே பார்க்காதீர்கள்.

காந்தத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகும் கம்பியாக இழுக்கும்போது லேசான காந்தத் தன்மை பெறும். நாகம் பூசிய கம்பி காந்தத்தில் பலமாக ஒட்டும், நிறமும் சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும். நம் பக்கத்து மூடுபனிக்கு அது ஒரு மழைக்காலம் தாண்டினாலே வளைவில் பழுப்பேறத் தொடங்கும்.

---

மஸ்கெலியா_டபள்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் பழைய 28 × 1½ சைக்கிள் இருக்கிறது, பின் ரிம்மில் 40 ஓட்டை. அதற்கும் இதே கணக்குத்தானா?

---

இறம்பொடை_ஏற்றம்:

இதேதான், கோணம் மட்டும் மாறும். இங்கிலாந்து வழிப் பழைய சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 என்று வரும். 40 ஓட்டைக்கு வழக்கமான கட்டு 4 கிராஸ்: 72 பாகை, கோசைன் 0.309. ஜப்பான் சைக்கிள்களில் அதிகம் காண்கிற 36 ஓட்டைக்கு 3 கிராஸ்: 60 பாகை, கோசைன் 0.5, மனக்கணக்காகவே போடலாம்.

28 × 1½ என்பது 635 ரிம், சிங்கிள் வோல். நுனி வெட்டுக்கு மேல் வந்தால் டியூப்பில் குத்தும், ஆகவே கணக்கு எதைச் சொன்னாலும் கீழ்ப்பக்கத்து எண்ணுக்கே போங்கள். தடிப்பையும் பாருங்கள். 14 கேஜ் 2.0 மி.மீ., 13 கேஜ் 2.3. ஒன்றின் நிப்பிள் மற்றதற்குச் சேராது. நிப்பிளுக்கு அடியில் வாஷர் போடுவதென்றால் வாஷரின் தடிப்பைக் கம்பி நீளத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

---

ஊவா_சில்லு:

பனிமலைக்கு, கட்டும்போது பார்க்க வேண்டியது.

எல்லா நிப்பிளையும் முதலில் ஒரே அளவுக்குச் சுற்றுங்கள், மரை கண்ணுக்கு மறையும் வரை. அந்த நிலையில் கம்பிகள் கொஞ்சம் தளர்வாக, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மரை மறையுமுன்பே கம்பி இறுகினால் கட்டை. மறைந்த பிறகும் நிறையத் தளர்ந்து தொங்கினால் நீளம். ஒரு பக்கம் மட்டும் அப்படியிருந்தால் 270யும் 272யும் இடம் மாறியிருக்கும், அவிழ்க்கவும். ஒன்றுவிட்டு ஒன்று அப்படியிருந்தால் நீளத்தில் பிழையில்லை, கிராஸ் ஓர் ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது.

நிப்பிளின் ஒரு முழுச் சுற்று 0.45 மி.மீ. ஆரம்பத்தில் சில்லை ஒரு தடவை சுற்றிவர ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு முழுத் திருப்பு, இறுக இறுக அரை, கால். பின் சில்லில் இரண்டு பக்கமும் சமமான இழுவை வராது. உங்கள் ஹப்பில் 21ஐ 34ஆல் வகுத்தால் 0.62. கேசட் பக்கம் 110 கிலோ இருந்தால் டிஸ்க் பக்கம் 68 அளவில்தான் நிற்கும். ரிம் நடுவுக்கு வந்த பிறகு டிஸ்க் பக்கம் லேசாக இருக்கிறதே என்று அதையும் ஏற்றப் போனால் ரிம் அந்தப் பக்கம் சரியும். ரிம்மில் உச்ச இழுவை எழுதியிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலான டபுள் வோல் அலாய் ரிம்முக்கு 100 முதல் 120 கிலோ.

இழுவை குறைந்த பக்கத்தில்தான் நிப்பிள் அதிர்வில் கழன்று வரும். அந்த 16 கம்பியின் மரையில் லின்சீட் ஒயில் ஒரு துளி தொட்டுக் கட்டுங்கள். ஹாட்வெயார் கடையில் பெயின்ட் பக்கம் இருக்கும். கட்டும்போது வழுக்கும், நாள் போகப் போகப் பசைபோல் இறுகி நிப்பிளைப் பிடித்துக்கொள்ளும். கேசட் பக்கத்துக்குக் கிரீஸோ சாதாரண ஒயிலோ போதும்.

இடையிடையே சமாந்தரமாகப் போகிற கம்பிகளை இரண்டு இரண்டாகக் கையில் சேர்த்துப் பலமாக நெரியுங்கள். வளைவு ஹப்பில் படிந்து உட்காரும். இதைச் செய்யாமல் சாலைக்கு எடுத்தால் முதல் இறக்கத்திலேயே அந்தப் படிதல் நடந்து, எடுத்த கோட்டம் திரும்ப வந்துவிடும்.

---

பனிமலை:

தெளிவாகிவிட்டது. 270இல் 18, 272இல் 18 சொல்லியிருக்கிறேன், பக்கத்துக்கு இரண்டு மேலதிகம். நிப்பிள் 36 போதும்தானே?

---

பதுளை_சைக்கிள்_கடை:

40 எடுங்க. டபுள் வோல் ரிம்ல ரெண்டு மூணாவது உள்ள விழும், குலுக்கி எடுக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். விழாம போடுறதுக்கு வழி இருக்கு: மிச்சக் கம்பி ஒண்ணை எடுத்து, நிப்பிளோட தலைப் பக்கத்துல இருந்து ரெண்டு சுத்து மட்டும் ஏத்துங்க. அந்தக் கம்பியைக் கைப்பிடி மாதிரிப் புடிச்சு ரிம்மோட பெரிய ஓட்டை வழியா உள்ள விட்டு, சில்லுக் கம்பியோட நுனியில நிப்பிளைப் புடிக்க வச்சுத் திருப்புங்க. அது மரையில ஏற ஏற, கையில உள்ள கம்பி தானாக் கழன்டு வந்துடும். 270யையும் 272யையும் பிரிக்கிறதுக்கு முந்தி ஒரு கட்டுக்கு டேப் சுத்தி அடையாளம் வச்சிடுங்க, ரெண்டு மி.மீ. கண்ணுக்குத் தெரியாது.